கோடு போடாத கட்டம்

இணையப் பக்கம் கட்டுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி டேபிள். படத்தையும் எழுத்தையும் நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால் முதலில் வரிசை வரிசையாகக் கட்டங்கள் போட வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கட்டத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். கடைசியில் ‘பார்டர்’ என்ற இடத்தில் பூச்சியம் என்று எழுதிவிட்டால் கோடுகள் மறைந்துவிடும். பார்ப்பவருக்குக் கட்டம் இருப்பதே தெரியாது. மட்டக்களப்பு நகரில் ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில் நடந்த வகுப்பில் இதைப் படித்தேன். மாட்டேன் என்று நின்ற என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அங்கே சேர்த்துவிட்டது அண்ணன். பெற்றோர் முன்பே போய்ச்சேர்ந்துவிட்டார்கள். எனக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான்.

சுனாமி வந்த காலையில் அண்ணன் கடலோரத்துக் கல்லடிக்குப் போயிருந்தார், கூட்டாளியிடம் இரவல் வாங்கிய சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க. மத்தியானம் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். இரவல் பொருள் வீட்டில் நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. சைக்கிளும் கிடைக்கவில்லை, கூட்டாளியும் கிடைக்கவில்லை, அண்ணனும் கிடைக்கவில்லை.

வாவிக் கரையில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய சின்ன நிவாரண அமைப்பு, காணாமல் போனவர்களின் படங்களை இணையத்தில் போட ஆள் தேடியது. போய் நின்றேன். பொறுப்பாக இருந்தவர் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் சமூகத்துப் பெண்மணி, அறுபதைத் தாண்டியவர். முகத்துவாரப் பக்கம் இருந்த தன் வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். எல்லோரும் போல நானும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். முதல் வாரத்திலேயே மற்றப் படங்களோடு படமாக அண்ணனின் படத்தையும் ஒரு கட்டத்தில் வைத்துவிட்டேன். அது யாரென்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார்கள். பாவம் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஒவ்வொரு படத்தின் கீழும் விபரம் தெரிந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண் போட வேண்டும். வீட்டில் எனக்குத் தொலைபேசி இல்லை. அண்ணனின் படத்தின் கீழ் அலுவலக எண்ணையே போட்டேன். அதன்பின் அலுவலகத்தில் மணி அடித்தால் முதலில் ஓடுகிறவள் நான்தான். என் சுறுசுறுப்பை எல்லோரும் மெச்சினார்கள். இதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. அங்கே இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு, இணையமும் அதன் வழியாகத்தான். பக்கத்தை இணையத்தில் ஏற்றும் நேரம் தொலைபேசி மணி அடிக்காது. அந்தப் பத்து நிமிடமும் அண்ணன் எங்கிருந்தோ அழைத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். டேபிள் போட்டுப் பக்கம் அமைப்பது பழங்காலத்து வேலை என்று கொழும்பிலிருந்து வந்த ஒரு கணினிக்காரர் சிரித்துவிட்டுப் போனார். சிரிக்கட்டும். பாரமில்லாமல் சட்டென்று ஏறுகிற பக்கம் எனக்குத் தேவைப்பட்டது.

முதலில் நான் கோடுகளை மறைக்கவில்லை. “கோடு இருந்தா வடிவாயிருக்கும் மகள்” என்று அன்ரி சொன்னதால் விட்டுவிட்டேன். அண்ணனின் படத்துக்கு அடுத்த கட்டத்தில் வந்தது கல்குடாவைச் சேர்ந்த ஒரு மீனவரின் மனைவியின் படம். வீட்டோடு எல்லாப் படங்களும் போய்விட்டதால், யாரோ உறவினரின் கல்யாணப் படத்தில் மூலையில் நின்ற மனைவியை வெட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அந்த யாரோ கத்தரிக்குப் பலியாகிவிட்டார்.

அடுத்த கிழமை அந்த மனிதர் பக்கத்தைப் பார்க்க வந்தார். கதிரையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தவர் விருட்டென்று எழும்பிவிட்டார்.

“என்ன தங்கச்சி இது? பேப்பர்ல மரண அறிவித்தல் போட்ட மாதிரியெல்லோ கிடக்கு!”

எங்கள் பத்திரிகைகளின் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பெட்டி பெட்டியாகக் கறுப்புக் கோடு, பெட்டிக்கு ஒரு முகம். இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் சொன்ன பிறகு அது மட்டும்தான் தெரிந்தது. அண்ணனும் பெட்டிக்குள்தான் இருந்தார். பார்டரில் ஒன்று என்று இருந்த இடத்தில் பூச்சியத்தை அடித்தேன். கோடுகள் எல்லாம் ஒரேயடியாகப் போயின.

“இப்ப சரி. இப்ப சும்மா நிக்கிறா” என்றார்.

இந்தக் கதை எப்படியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. சில மாதங்கள் போன பின் சனம் தாங்களாகவே வந்து கேட்கத் தொடங்கினார்கள். “முப்பத்தொண்டு செய்து முடிச்சிட்டம், எங்கட ஆளுக்குக் கோட்டைப் போட்டு விடுங்க.” உடல் கிடைக்காவிட்டாலும் இனி வரமாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, முப்பத்தோராம் நாள் கடமையைச் செய்து முடித்தவர்கள் அவர்கள். செய்யாதவர்கள் கேட்கவில்லை. யாரும் எழுதி வைக்காத சட்டம்தான். ஆனால் ஒருவர்கூட அதை மீறவில்லை.

பார்டர் என்பது முழு டேபிளுக்கும் பொதுவானது. ஒருவருக்கு மட்டும் கோடு போட வேண்டுமென்றால், அவருடைய கட்டத்துக்குள் இன்னொரு சின்ன டேபிள் போட வேண்டும், ஒரே ஒரு கட்டத்தோடு. அப்படி எத்தனையோ போட்டேன். யாராவது உயிரோடு கிடைத்துவிட்டால் படத்தை எடுத்துவிட்டு, பின்னால் இருக்கிற படங்களையெல்லாம் கையால் ஒவ்வொன்றாக முன்னுக்கு நகர்த்த வேண்டும். அரை நாள் வேலை. அந்த வேலைக்கு மட்டும் நான் ஒருநாளும் சலித்ததில்லை. சலிக்கிற அளவுக்கு அது வந்ததுமில்லை.

பிறகு மறுபடியும் சண்டை மூண்டது. உன்னிச்சைப் பக்கத்துச் சனம் வட்டையில் விளைந்து நின்ற நெல்லை அப்படியே விட்டுவிட்டு நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் சண்டையில் காணாமல் போனவர்களின் படங்களோடு எங்கள் படியேறினார்கள். எங்களுடையது கடல் கொண்டுபோனவர்களுக்கான பக்கம் என்று அன்ரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவர்கள் படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். அன்றைக்கு அன்ரி தேத்தண்ணி குடிக்கவில்லை.

கல்குடாக்காரர் மட்டும் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வந்துகொண்டே இருந்தார். கையில் கருவாட்டுப் பொதி, வந்தால் அலுவலகமே மணக்கும். மனைவியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், கோடு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு போவார். சுனாமியில் அள்ளுண்டு போன சிலரை ஏதோ ஒரு படகு தூக்கி வடக்கே வன்னியில் இறக்கியதாக யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சண்டையால் மூடிக் கிடந்த பாதை திறந்தால் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தார். அவர் என்னைத் தங்கச்சி என்பார். நான் ஐயா என்பேன். அவருக்கு ஐயா என்கிற வயதில்லை. வயதுக்கு ஏற்ற சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மற்றபடி என் வாழ்க்கையில் சொல்ல ஒன்றுமில்லை. வேலை முடிந்து போனால் வீட்டில் பேச ஆளில்லை. சில நாள் காலையில் அலுவலகத்தில் “வணக்கம் அன்ரி” என்கிறபோது, நேற்று மாலைக்குப் பிறகு இப்போதுதான் வாய் திறக்கிறேன் என்பது தொண்டை கரகரப்பதில் தெரியும். அந்தத் தனிமை எனக்குப் பழகவே இல்லை. பழகிவிடும் என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்கள்.

யுத்தம் முடிந்தது. அமைப்புக்கு வந்த உதவியும் நின்றது. மாதக் கடைசியோடு அலுவலகத்தை மூடுவதென்று முடிவாயிற்று. பக்கம் இணையத்தில் இருக்கும், ஆனால் இனி யாரும் அதைத் தொடமாட்டார்கள், அன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே நின்றுவிடும் என்று அன்ரி சொன்னார். அதற்குள் எல்லாப் படங்களுக்கும் கோடு வந்துவிட்டிருந்தது, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டைத் தவிர.

கடைசிக் கிழமை, வெயில் ஏறிய நேரம், கல்குடாக்காரர் வந்தார். கையில் பொதி இல்லை. நெற்றியில் திருநீறு.

“வவுனியாவுக்குப் போய் வந்தன் தங்கச்சி. முகாம்ல கம்பிக்கு அங்கால நிண்ட வன்னிச் சனம் எல்லாருக்கும் படத்தக் காட்டினன். காணல்ல எண்டுதான் சொன்னாங்க. மறுகா வீட்ட வந்து செய்ய வேண்டியதச் செய்து முடிச்சிட்டன். கோட்டைப் போடுங்க.”

கோப்பைத் திறந்தேன். அந்தக் கட்டத்துக்குள் சின்ன டேபிளைப் போட்டு, பார்டருக்கு ஒன்று என்று அடித்தேன். சிரித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சுற்றிக் கோடு வந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தார்.

“இவருக்கு மட்டும் ஏன் இல்ல? இவர்ர ஆக்கள் ஒருத்தரும் வாறல்லையா?”

“வாறதான்” என்றேன். “ஒவ்வொரு நாளும் வாற. நான்தான் அவர்ர ஆள். என்ட அண்ணன்.”

அந்த அலுவலகத்துக்குள் அதை முதல் தடவையாகச் சொன்னேன். அடுத்த மேசையில் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அன்ரியின் கை அப்படியே நின்றது. கல்குடாக்காரர் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப, போட்ட கோட்ட எடுத்திருங்க” என்றார்.

“நீங்கதானே போடச் சொன்னீங்க?”

“வீட்டுல நான் படத்துக்கு மாலை போட்டுட்டன். அவட கடமை முடிஞ்சிது. இதுல அவ இப்பிடியே நிக்கட்டும். எல்லாருக்கும் கோட்டப் போட்டா இந்த மனிசன் தனியவெல்லோ நிக்கப் போறார்.”

எனக்குத் திரை கலங்கித் தெரிந்தது. சின்ன டேபிளை அழித்தேன். பக்கத்தை ஏற்றி முடியும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். இணைப்பில் இருந்த அந்தப் பத்து நிமிடமும் தொலைபேசியைப் பற்றி நான் நினைக்கவில்லை.

ஊருக்குப் போகிற வாழைச்சேனை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் எழும்பினார்.

“போயிட்டு வாறன் தங்கச்சி.”

“ஓம் அண்ணன்” என்றேன். அப்படி ஒருவரைக் கூப்பிட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.