பாத்துக்குங்க, சவரியம்மா மாத்திரை போடறா

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்திகிரியில் மாதா கோயில் மணி ஓய்ந்திருந்தது. நான் திங்கட்கிழமைத் தையல் வகுப்புக்காக வீட்டில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் திம்மராயப்பா சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு வந்து நின்றார்.

"மெஹர் டீச்சர், கம்பவுண்டர் சம்சாரம், நம்ம சவரியம்மா டீச்சர் போய்ட்டாங்க. நேத்து சாயந்தரம் வைக்கப்போருகிட்ட பாம்பு கடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உசுரு போயிருச்சுங்க."

கத்தரிக்கோலைக் கீழே வைப்பதற்குள் அடுத்த பேச்சும் வந்துவிட்டது. "வருசக்கணக்கா அந்த மாத்திரைய முழுங்கி ரத்தமே கெட்டுக் கெடந்துச்சாம். இல்லாட்டி வெசம் இவ்ளோ சீக்கிரம் ஏறுமான்னு பேசிக்கறாங்க."

முதல் செய்திக்கு அழுதேன். இரண்டாவது செய்தியைக் கேட்டு வந்த கோபம் இன்றுவரை அடங்கவில்லை. சவரியம்மாள் டீச்சரின் காலில் பல் பதிந்திருந்த இடத்தை என் கண்ணால் பார்த்தேன். கடித்தது கண்ணாடி விரியன். அது யாரிடமும் மாத்திரை சாப்பிடுகிறாயா என்று விசாரித்துவிட்டுக் கடிப்பதில்லை.

பள்ளி மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டார். கூடவே, "அந்த மாத்திரை சமாச்சாரம் மட்டும் வேண்டாம்மா, குடும்பத்துக்கு நல்லாயிருக்காது" என்றும் சொன்னார். நான் நேரே டீச்சரின் கணவர் அந்தோணிசாமியிடம் போனேன். "எழுதுங்க டீச்சர். அவளே ஒளிக்கல. நான் எதுக்கு ஒளிக்கணும்?" என்றார். ஆகவே எழுதுகிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓசூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் தம்பி தாவூத்தும் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறவன். ஊரின் பேச்சைக் கேட்ட அன்றே அவன் சீசாவை அலமாரிக்குள் தள்ளிவிட்டான். "அவங்களே போய்ட்டாங்க, எனக்கு மட்டும் எதுக்குக்கா?" என்றான். பாம்பு ஓர் உயிரைத்தான் கொண்டுபோனது. இந்தப் பேச்சு இன்னொன்றையும் கேட்கிறது. அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

எங்கள் பள்ளியில் சவரியம்மாள் டீச்சர் கணக்கு எடுத்தார். வாய்ப்பாட்டைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் நடத்தித் தெலுங்கில் முடிப்பார். எந்த வீட்டுப் பிள்ளையும் புரியவில்லை என்று தப்பிக்க முடியாது. அவர் சிரித்தால் பக்கத்து வகுப்பில் ஊசியில் நூல் கோக்கும் என் பிள்ளைகள் கை தவறிக் குத்திக்கொள்வார்கள்.

சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமான மறு வருடம் அந்தச் சிரிப்பு நின்றது. தூக்கம் போனது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னார். சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிட்டார். மந்திரித்தார்கள், நேர்ந்துகொண்டார்கள், கயிறு கட்டினார்கள். எதற்கும் குறையாதபோது அந்தோணிசாமி பெங்களூரில் மனநோய் டாக்டர் ஒருவரைப் பார்த்துக் குளோர்ப்ரோமசின் என்ற மாத்திரையை வாங்கி வந்தார்.

அந்தோணிசாமிக்குப் பண்ணையில் மாட்டு வைத்தியக் கம்பவுண்டர் வேலை. கசப்பு மருந்தைக் களி உருண்டைக்குள் வைத்து மாட்டின் வாயில் தள்ளிப் பழகிய கை அது. வீட்டிலும் அதையே செய்தார். மனைவிக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துக் களியில் வைத்து உருட்டினார். அவருடைய தங்கை அன்னம்மாவோ, அண்ணன் வேலை மும்முரத்தில் மறந்துவிடுவார் என்று பயந்து, தன் பங்குக்குக் காப்பியில் கலந்தார். ஒளித்துச் செய்கிற வேலையை யாரும் யாரிடமும் சொல்வதில்லை அல்லவா? இவர் கலப்பது அவருக்குத் தெரியாது, அவர் கலப்பது இவருக்குத் தெரியாது. களி கசக்கிறது, எதையோ கலக்கிறீர்கள் என்று டீச்சர் அப்போதும் சொன்னார், பைத்தியம் என்று தள்ளிவிட்டார்கள். அவர் உடம்புக்கு மட்டும் இரண்டும் தெரிந்தது.

ஒரு காலையில் அவருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண் மேலே செருகியது. தாடை பூட்டிக்கொண்டது. பேய் முற்றிவிட்டது என்று பக்கத்து வீட்டார் கயிறு எடுத்து வந்தார்கள். நான் போய்க் கத்திய கத்தலில் கயிறு திரும்பிப் போனது. பண்ணைக்கு வந்திருந்த வண்டியில் அவரை ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓர் ஊசி போட்டார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து மெல்லத் திரும்பி நேரானது.

டாக்டர் கன்னடக்காரர். "மாத்திரை யாரு குடுத்தீங்க?" என்றார்.

"நான்தாங்க, களியில வெச்சு" என்றார் அந்தோணிசாமி.

"ஐயோ அண்ணா, நானும் காப்பில போட்டனே!" என்று அன்னம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் கோபப்பட்டார். அளவு மீறினால் இப்படி இழுக்கும், அளவோடு கொடுத்தாலும் சிலருக்கு இழுக்கும், அதற்கு மாற்று மருந்து உண்டு என்று விளக்கினார். "ஆனா சாப்பிடறவங்களுக்குத் தெரியாமே குடுக்க வேண்டாம். அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே உடம்பு என்ன பண்ணுதுன்னு நமக்குச் சொல்லுவாங்க?" என்றார்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "சாப்பாட்டுல எதையோ கலக்கறாங்கன்னு சொன்னேன். பைத்தியம்னீங்க. கலந்துதானே இருந்திருக்கீங்க?"

டீச்சர் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் உங்க பண்ணை மாடு இல்லீங்க. மருந்து வேணும்னா என் கையில குடுங்க. எல்லார் கண்ணு முன்னாடியும் நானே போட்டுக்கறேன்."

சொன்னபடியே செய்தார். சில வாரங்களில் கிணறு கூப்பிடுவதை நிறுத்தியது. தூக்கம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. மறுபடி பள்ளிக்கு வந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆசிரியர் அறை நடுவில் நின்று, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "பாத்துக்குங்க, சவரியம்மா மாத்திரை போடறா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். முதலில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். போகப்போக, அவர் சொல்ல மறந்தால், "என்ன டீச்சர், இன்னிக்கு அறிவிப்பு இல்லியா?" என்று நாங்களே சீண்டினோம்.

அந்த மாத்திரை அவரிடம் விலை வாங்காமல் இல்லை. வாய் வறண்டது, உடம்பு பருத்தது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்பதால் நாற்காலியைப் பிடித்து நிதானமாக எழுவார். கை நடுங்கிக் கரும்பலகையில் வட்டம் கோணிற்று. அதற்கு ஒரு சின்ன மாத்திரை சேர்ந்தது. வெயில் பட்டால் தோல் சிவந்து எரிந்ததால் எப்போதும் குடையோடு வருவார். பிள்ளைகள் குடை டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். டாக்டர் எச்சரித்திருந்தபடி, காய்ச்சலோடு தொண்டை வலித்தால் தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார். "இது கல்கண்டு இல்ல மெஹரு, மருந்து. ஒரு கண்ணு வெச்சுகிட்டேதான் இருக்கணும்" என்பார்.

பெற்றோர் சிலர் புகார் செய்ததால் தாளாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன். மாத்திரையை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், முடியாதென்றால் ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள் என்றார் தாளாளர். அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் வந்து அதே அறையில் ஊசி போட்டுவிட்டுப் போவார்.

"ஐயா, உங்க ஊசி இந்த ரூம்ல, என் மாத்திரை அந்த ரூம்ல. ரெண்டுல எதை ஒளிக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் டீச்சர். "நான் கணக்கத் தப்பாச் சொல்லிக் குடுத்தா அனுப்பிடுங்க. மாத்திரைக்காகப் போக மாட்டேன்."

தாளாளர் மேசைமேல் கிடந்த புகார்க் கடிதங்களை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். "வகுப்புக்கு நேரமாச்சு, போங்க" என்றார். அதற்குப் பின் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருமுறை அவர் தோற்றதையும் சொல்ல வேண்டும். மறைத்தால் அவரே என்னைத் திட்டுவார். முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று நினைத்து ஒரு கோடை விடுமுறையில் தானாகவே மாத்திரையை நிறுத்தினார். பள்ளி திறக்கும் முன்னே கிணறு மறுபடி கூப்பிட்டது. தேறி வந்ததும் ஆசிரியர் அறையில் அதையும் அறிவித்தார்: "நானே நிறுத்துனேன், நானே விழுந்தேன். கொறைக்கணும்னா டாக்டருதான் கொறைக்கணும்." பிறகு டாக்டர் படிப்படியாக அளவைக் குறைத்தார். கை நடுக்கமும் தணிந்தது.

என் தம்பிக்கு அதே நோய் வந்தபோது எங்கள் வீட்டிலும் ஒளிக்கத்தான் பார்த்தார்கள். டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு அவன் கடைக்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் சீசாவை எடுத்துப் பஞ்சர் ஒட்டும் சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஏம்பா தாவூத்து, எனக்கும் இதான். வா, ரெண்டு பேரும் சேந்து போடலாம்" என்றார். அன்று தொடங்கியவன் இடைவிடாமல் சாப்பிட்டான். கடை நடந்தது. தங்கமான பெண் ஒருத்தி நோய் தெரிந்தே அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவன்தான் இப்போது சீசாவை ஒளித்து வைத்திருந்தான். இரண்டு இரவாகத் தூங்கவில்லை என்று அவன் மனைவி வந்து அழுதாள். நான் இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அவன் கடையில் நின்றபடியே படித்துக் காட்டினேன். அவன் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே கேட்டான். முடிந்ததும், "கால்ல பல்லு பட்ட எடத்த நீ பாத்தியாக்கா?" என்றான். பார்த்தேன் என்றேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் நின்றோம். தாளாளர் வந்திருந்தார், திம்மராயப்பா வந்திருந்தார், மாத்திரையால்தான் போனார் என்று பேசிய வாய்கள் அத்தனையும் வந்திருந்தன. சாமியார் ஜெபத்தை முடித்ததும் தாவூத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழிமேட்டருகே போனான். சட்டைப்பையிலிருந்து சீசாவை எடுத்தான். அன்னம்மா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவன் உள்ளங்கையை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினான்.

"பாத்துக்குங்க, தாவூத்து மாத்திரை போடறான்."

டீச்சர், பார்த்தீர்களா? இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். அறிவிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.