பஸ்ஸில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது

இன்று ஈப்போ பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டி ஓர் ஆள் தன் கூட்டாளியிடம், "இவன் பொம்பளையா மாறிட்டான்லா" என்று சிரித்தான். வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டேன்.

காரணம் மல்லிகா.

எண்பதுகளில் ஈப்போ தையல் கடையொன்றில் என்னோடு வேலை செய்தவள். எஸ்டேட்டில் ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டு, மல்லிகாவாக வாழ வீட்டைவிட்டு ஓடி வந்தவள்.

ஒருநாள் காம்பார் பஸ்ஸில் கண்டக்டர் அவளைக் காட்டி என்னிடம், "இவனுக்கும் சேர்த்து டிக்கெட்டா?" என்றார்.

நான் எழுந்து நின்று கத்தினேன்: "இவன் இல்லண்ணே. அக்கான்னு சொல்லுங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன்சீட்டுப் பெரியவரும் பார்த்தார். மல்லிகாவின் முகம் வெளிறிப்போனது. அவர் அவள் வளர்ந்த எஸ்டேட்டைச் சேர்ந்தவர்.

"நம்ம தங்கையா மகன்தானே நீ? ஒங்கப்பன் ஒன்னைத் தேடிக்கிட்டு இருக்கான்."

வெளியே கொட்டும் மழை. உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். காம்பார் வரை எங்களால் இறங்க முடியவில்லை. அவரும் கேள்வியை நிறுத்தவில்லை.

இறங்கியதும் மல்லிகா சொன்னாள்: "எனக்காகப் பேசு, வேணாங்கல. மொதல்ல பஸ்ஸுல யாரு இருக்காங்கன்னு பாருலா."

அன்றிலிருந்து பார்க்கிறேன். இன்றும் முன்சீட்டிலிருந்து கடைசி சீட் வரை பார்த்தேன். பார்த்து முடிப்பதற்குள் நான் இறங்கும் இடம் வந்துவிட்டது.

அந்தப் பெண் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும்.