'கொஞ்சம் கஷ்டம்' என்றவர்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ துறைமுகத்தில், கப்பல் திருத்தும் இடமொன்றில் நானும் மன்னார் அருளப்பனும் கூலிவேலை செய்தோம். மேலாளர் ஓர் அமெரிக்கர். கிரேனுக்குப் பொறுப்பான எஞ்சினியர் ஒரு ஜப்பானியர். அவர்கள் பேசும் ஆங்கிலம் எனக்கு ஓரளவு விளங்கும்.

அன்று அனல்காற்று வீசியது. கிரேனின் கேபிள் காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தது.

"இந்தக் கப்பல் எஞ்சினைத் தூக்கலாமா?" என்று அமெரிக்கர் கேட்டார்.

ஜப்பானியர் பல்லிடுக்கால் மூச்சை இழுத்தார். "கொஞ்சம் கஷ்டம்."

"கஷ்டம்தான். ஆனால் முடியும், இல்லையா?"

"ஓம்... ஓம்" என்று தலையாட்டினார் அவர், நிலத்தைப் பார்த்தபடி.

அமெரிக்கர் உற்சாகமாக எங்களைக் கிரேனுக்குக் கீழே போய் நிற்கச் சொன்னார். நகர்ந்த என் கையை ஜப்பானியர் பிடித்தார்.

"போர்கோ வெக்கியோ சந்தையில் எனக்குக் கோப்பி வாங்கி வாருங்கள். இரண்டுபேரும் போங்கள்."

"இந்த நேரத்திலயோ கோப்பி? இந்தாளுக்கு விசர்" என்று அருளப்பன் முணுமுணுத்தான்.

அமெரிக்கர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை, தூக்கச் சொல்லிவிட்டார். நாங்கள் வாசலைத் தாண்டுமுன் கேபிள் அறுந்தது. திரும்பிப் பார்த்தோம். நாங்கள் நின்றிருக்கவேண்டிய இடத்தில் எஞ்சின் நிலத்தைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"முடியாது என்று ஏன் சொல்லவில்லை?" என்று அமெரிக்கர் கேட்டார்.

"சொன்னேனே. கஷ்டம் என்றேன். நீங்கள் சொல்வது கேட்கிறது என்பதற்குத்தான் ஓம் என்றேன்."



மேலாளரிடம் நேரே மறுக்கமுடியாத அந்த மனிதர்மேல் இன்றும் எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனால் கோபப்பட நான் உயிரோடு இருப்பதும் அவரால்தான்.