சீனி போடாத சீர்த்தட்டு

வண்டியூர்ப் பக்கம் ஒரு ரேஷன் கடை. அங்கே எடை போடுகிறவள் தாமரைச்செல்வி. தொள்ளாயிரம் கார்டுக்கு மாதாமாதம் சீனி நிறுத்துப் போடுகிற கை அது. தன் கார்டுக்கு உரிய சீனியை மட்டும் அவள் வாங்குவதில்லை. அவள் வீட்டுச் சீனி டப்பாவில் ஒரு வருஷமாகக் கடுகுதான் இருக்கிறது.

காரணம் அவள் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை. ஆறடி ஆள். வாலிபத்தில் அலங்காநல்லூரில் மாடு பிடித்தவர் என்று அவரே சொல்வார். இதுவரை எந்த மாடும் சாட்சிக்கு வந்ததில்லை. அந்த ஆறடியைக் கவிழ்க்க ஒரு ஜிலேபி போதும். சுகர் முந்நூறைத் தாண்டி, போன வருஷம் இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

“அடுத்த தடவை விரலோட நிக்காதும்மா. பாதத்தையே எடுக்க வேண்டி வரும்” என்றார் டாக்டர். தாமரைச்செல்வி அன்றைக்கு பஸ்ஸில் வீடு வந்தாள். கண்டக்டர் மீதிச் சில்லறை தராததைக்கூடக் கேட்கவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? “ஒரு நாள் தின்னா ஒன்னும் ஆகாது மாப்ள” என்று வாயில் திணிப்பார்கள். காதுகுத்து, கிடாவெட்டு, வீடு குடிபுகுதல் என்று அந்த ஒரு நாள் மாதத்தில் ஆறு தடவை வந்துகொண்டிருந்தது.

இனிப்பே கூடாது என்றால் மனிதர் திருடித் தின்பார். எனவே வேறு இனிப்பு செய்வது என்று முடிவு கட்டி, போனில் வீடியோ பார்த்தாள். வீடியோவில் வந்த பெண்ணிடம் பெரிய ஓவன் இருந்தது. இவளிடம் ஒரு பழைய குக்கர் இருந்தது. விசிலையும் ரப்பரையும் கழற்றினாள். அடியில் கல்லுப்பைக் கொட்டிப் பரப்பினாள். அதன்மேல் ஒரு தட்டை வைத்தாள். ஓவன் தயார்.

சிம்மக்கல் மொத்தக் கடையில் போய், தோல் கறுத்த வாழைப்பழமாகக் கேட்டாள்.

“மாட்டுக்கா, அக்கா?” என்றார் கடைக்காரர்.

“ஆமாண்ணே. வீட்ல ஒன்னு நிக்கிது. ஆறடி.”

கனிந்த பழத்தைப் பிசைந்து, ஊறவைத்த பேரீச்சம்பழத்தை அரைத்துச் சேர்த்து, கம்பு மாவும் ஓட்ஸும் கலந்து தட்டினாள். முதல் ஈடு கேரம் போர்டு ஸ்ட்ரைக்கர் மாதிரி வந்தது. இரண்டாவது, அடி கரியாகவும் மேலே களியாகவும் இருந்தது. ஐந்தாவது ஈட்டில்தான் பிஸ்கட் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்று வந்தது. ஒன்றுக்கு நாற்பது கலோரி என்று வீடியோக்காரி சொல்லியிருந்தாள். இவள் எடை போடுகிறவள் இல்லையா, ஒவ்வொன்றும் ஒரே கனம் இருக்கிறதா என்று தராசில் வைத்துப் பார்த்தாள்.

வெள்ளைத்துரை ஒன்றைக் கடித்தார். “அட, இனிக்குது! சீனி இல்லைல்ல?”

“ஒரு சிட்டிகைகூட இல்லை.”

அவ்வளவுதான். அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பதினாலு பிஸ்கட் காலி. மறுநாள் காலையில் விரலில் குத்திப் பார்த்தால் மெஷின் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது.

“பழத்துலயும் சர்க்கரை இருக்கும்மா” என்று டாக்டர் தலையில் கை வைத்தார். “ஒரு நாளைக்கு ரெண்டு. அதுவும் சாப்பாட்டக் கொறச்சிட்டு.”

சேதி பறந்தது. வெள்ளைத்துரையின் அக்காள் மாயக்காள் ஊரிலிருந்து போனில் வந்தாள். “லட்டு தின்னப்பகூட என் தம்பிக்கு இம்புட்டு ஏறல. உன் பிஸ்கட்டுதான்டி அவனக் கவுத்துருச்சு!”

“பதினாலு தின்னா பச்சத்தண்ணியும் கவுத்துரும் மதினி” என்று போனை வைத்தாள் தாமரைச்செல்வி. பிறகு பேரீச்சையைப் பாதியாகக் குறைத்தாள். பிஸ்கட் டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்து, தினம் இரண்டே இரண்டு எடுத்துக் கொடுத்தாள். மூன்று மாதத்தில் சுகர் நூற்றறுபதுக்கு இறங்கியது.

அந்த நேரம் பார்த்து மாயக்காள் மகள் ரோகிணிக்குச் சடங்கு வந்தது. தாய்மாமன் வெள்ளைத்துரைதான். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாமன் சீர் வாசலுக்கு வந்ததும், முதல் தட்டில் இருக்கிற இனிப்பை எடுத்து அக்காள் தம்பிக்கு ஊட்ட வேண்டும். தின்னாவிட்டால் உறவையே துப்பியதாகக் கணக்கு. அங்கே தொடங்குகிற வாய் பந்தி முடிகிற வரை மூடாது என்பது தாமரைச்செல்விக்குத் தெரியும்.

மண்டப வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளைத்துரை பிளெக்ஸில் பத்தடி உயரத்துக்கு நின்றார். அடியில் நிஜ வெள்ளைத்துரை வேர்த்துக்கொண்டு நின்றார். மேளம் முழங்க இருபத்தொரு தட்டு வந்து இறங்கியது. முதல் தட்டின் துணியை மாயக்காள் விலக்கினாள்.

“என்னடி இது, வெறட்டி?”

“கம்பு பிஸ்கட்டு மதினி. பழம் போட்டது.”

“ஏம்மக சடங்குக்கு நாய் பிஸ்கட்டா? இந்தத் தட்டத் தூக்கிட்டுப் போயிரு!”

“போறேன் மதினி. ஆனா எண்ணிப் பாத்துக்கங்க. ஒன்னு போனா இருவது.”

கூட்டம் சத்தமில்லாமல் எண்ணியது. ரெட்டைப்படைச் சீர் வாசல் தாண்டினால் என்ன ஆகும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. யாரும் தாண்டவிட்டுப் பார்த்ததில்லை.

“சமையக்கட்டுலருந்து ஒரு தட்டு பழம் எடுத்து வைங்க” என்றாள் மாயக்காள்.

“அது எப்படி மாயக்கா? மாமன் வீட்டுல இருந்து வந்ததாத்தான் இருக்கணும்” என்றார் பங்காளி அழகுபாண்டி. “பேசாம உள்ள வை. மேளக்காரன் எம்புட்டு நேரம் அடிப்பான்?”

மாயக்காள் பல்லைக் கடித்தாள். “தட்டு உள்ள வரட்டும். வாய்க்கு லட்டுதான்.” பந்தியிலிருந்து ஒரு லட்டை வரவழைத்து, தம்பியின் வாய்க்கு நேரே நீட்டினாள். “ஆ காட்டுடா தம்பி.”

தாமரைச்செல்விக்கு அந்தக் கையைத் தட்டிவிட ஒரு நொடி போதும். கையும் பாதி வரை எழுந்துவிட்டது. ஆனால் இன்றைக்குத் தட்டிவிட்டால் நாளைக்கு? ஒவ்வொரு மண்டபத்துக்கும் பின்னாலேயே போய்க் காவல் நிற்க முடியுமா? கையை இறக்கிக்கொண்டாள். வெள்ளைத்துரையின் இடது காலில் இருந்த கனத்த ஆஸ்பத்திரிச் செருப்பை மட்டும் பார்த்தாள்.

“ஏங்க, வாய் உங்களோடது. காலும் உங்களோடதுதான். நான் ஒன்னும் சொல்லல.” சொல்லிவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றாள்.

வெள்ளைத்துரை லட்டைப் பார்த்தார். முந்திரி தூக்கலான லட்டு. நெய் வாசம் மூக்கில் ஏறியது. பாதி திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“வேணாம்க்கா.”

மேளம் நின்றது.

“கூடப் பொறந்தவ கையத் தட்டி விடுறியாடா?”

“கையத் தட்டலக்கா. கையில இருக்கறத மாத்து. என்னோட அளவு ரெண்டு பிஸ்கட்டு. ஒன்ன நீ ஊட்டு. நான் ரெண்டு காலோட வந்து எம்மருமக கல்யாணத்துக்கும் சீர் எறக்கணும்.”

மாயக்காளின் கண் அந்தச் செருப்புக்குப் போனது. நீட்டிய கையை மடக்கி, லட்டைத் தன் வாயிலேயே போட்டு, யாரையோ கடிக்கிற மாதிரி மென்றாள். பிறகு தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் வாயில் திணித்தாள்.

“தவுடு மாதிரிதான இருக்கு?”

“கொஞ்சம்” என்று மென்றார் வெள்ளைத்துரை. “ஆனா இனிக்குதுக்கா.”

மேளம் மறுபடி கிளம்பியது. தட்டுகள் உள்ளே போயின. மாயக்காள் நாத்தனார் முறைப்போடு தாமரைச்செல்வியின் காதருகே வந்தாள்.

“அடுத்த மாசம் கெடாவெட்டு. அங்கயும் இதத் தூக்கிட்டு வந்தேன்னு வையி...”

“வாரேன் மதினி” என்றாள் தாமரைச்செல்வி, சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. “நீங்க பத்து வகை இனிப்பு வைங்க. நான் ஒரு டப்பாவோட வாரேன்.”