பீங்கான் சட்டத்துக்குள் ஒரு ஹம்பக்கர்

“அது கிட்டாரோட கூடவே பொறந்த இரைச்சல் பாப்பா. நீ பத்து படிச்சிருந்தாலும் பதினாறு படிச்சிருந்தாலும் அது போவாது” என்றார் எங்கள் மாதா கோயிலுக்கு மைக்செட் போடுகிறவர்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பீங்கான் சூளையில் சரக்கு அடுக்குகிறவர். அம்மா களிமண் சலிக்கிறவர். நானோ பீங்கான் தொழில் படித்து, விருத்தாசலத்திலேயே ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரைச்சல் என்றால் அதற்கொரு காரணம் இருக்கும், காரணம் இருந்தால் வழியும் இருக்கும் என்று நம்பித்தான் அந்த வேலைக்கே போனேன்.

அந்த எலெக்ட்ரிக் கிட்டார், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டுச் சாமியார் கோயிலுக்கு விட்டுச்சென்றது. பாடகர் குழுவில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கோயில் சுவரை ஒட்டி ஒரு பீங்கான் பட்டறை. அங்கே கல்லும் மண்ணும் அரைக்கும், மோட்டாரில் ஓடும் பெரிய உருளை சுற்றத் தொடங்கினால் கிட்டாரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கிளம்பும். அதில் ஒரு விசித்திரம் இருந்தது. நான் பக்க வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றால் உறுமல் அடங்கிவிடும். பீடத்தைப் பார்த்து நின்றால் முழுசாக வரும்.

“அப்போ திருவிழாப் பூசையில சாமியப் பாக்காம பக்க வாசலப் பாத்துக்கிட்டுதான் வாசிப்பியா?” என்று பங்குச் சபைத் தலைவர் கேட்டபோது குழுவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “கொடி ஏத்தறதுக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லன்னா நெய்வேலி பார்ட்டி ஒண்ணு கிட்டார வெலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்குது, குடுத்துடுவோம். நமக்கு ஆர்மோனியம் போதும்.”

கொடியேற்றத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை.

கிட்டார் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். கம்பியின் அதிர்வை அது மின்சாரமாக்குகிறது. கூடவே பக்கத்து மோட்டார் காற்றில் கிளப்பும் இரைச்சலையும் பிடித்துக்கொள்கிறது. ஹம்பக்கர் என்று ஒன்று இருப்பதை ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். அதில் இரண்டு சுருள்கள், எதிரெதிராக இணைத்தவை. இரைச்சல் இரண்டிலும் புகுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காந்த முனைகளும் எதிரெதிர் என்பதால் நாதம் மட்டும் சேர்ந்து வரும். அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை எழுந்து நின்று படித்தேன், உட்கார முடியவில்லை.

புதுச்சேரியில் ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவர் மெல்லிசைக் குழுவிலும் கிட்டார் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கடிதம் எழுதினேன். வெளிநாட்டுக் கிட்டார்களிலிருந்து கழற்றிய ஹம்பக்கர் இரண்டு தன்னிடம் இருப்பதாகவும், வந்து கேட்டுப் பார்த்து எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்றும் பதில் வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

“வாங்க சிஸ்டர்” என்றார் ரேடியோ கடைக்காரர்.

அப்பா அவசரமாக, “இது கன்னியாஸ்திரி இல்லீங்க, எம் பொண்ணு” என்றார்.

மேசைமேல் இரண்டும் இருந்தன. ஒன்று பளபளக்கும் நிக்கல் மூடி போட்டது. அதன் காந்தம் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம். இன்னொன்றுக்கு மூடி இல்லை. அடியில் கறுப்பாக ஒரு கட்டி.

“இது செராமிக் காந்தம்” என்றார் அவர். “பொடியை அழுத்திச் சூளையில சுடறாங்க.”

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “சூளையிலயா? அப்போ நம்ம சரக்கு பாப்பா! வேற என்னா யோசனை? எடு.”

எனக்கும் அதே ஆசைதான். போதாக்குறைக்கு அந்தக் காந்தத்தில் அவருடைய திருப்புளி ‘டக்’கென்று போய் ஒட்டிக்கொண்டது. எங்கள் தொழிற்சாலையில் களிமண் கரைசலிலிருந்து இரும்புத் துகளை இழுக்கக் காந்தம் வைத்திருக்கிறோம். பலமாக இழுப்பதுதான் எங்களுக்கு நல்ல காந்தம்.

“ரெண்டையும் கேட்டுட்டு எடுக்குறேன்” என்றேன்.

முதலில் இரைச்சல். கடையின் துளைபோடும் மெஷினை ஓடவிடச் சொன்னேன். அவர் ஒரு கிட்டாரை என்னிடம் தந்து, ஆம்ப்ளிஃபயரோடு வயரில் இணைத்த பிக்கப்பைக் கம்பிகளுக்கு மேலே பிடித்துக்கொண்டார். நான் மெதுவாகத் திரும்ப, அவரும் என்னோடு நகர, தெருப்பக்கம், சுவர்ப்பக்கம், மெஷின் பக்கம் என்று இருவரும் ஒரு முழு வட்டம் சுற்றினோம். உறுமல் இல்லை! இன்னொரு பிக்கப்பை வைத்து மறுபடியும் சுற்றினோம். அதிலும் இல்லை. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் மூன்றாவது வட்டமும் சுற்றினேன். அதற்கு ஒரு காரணமும் கிடையாது.

பிறகு அப்பாவைப் பாடச் சொன்னேன்.

“இங்கயா? கடையிலயா?”

“பாடுப்பா. தவசு காலத்துல சிலுவைப் பாட்டு பாடுவியே, அதைப் பாடு.”

செராமிக் காந்தம் சிங்கம் மாதிரி எழுந்தது. கூர்மையான, பெரிய ஒலி. எனக்குப் புல்லரித்தது. ஆனால் அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். “நான் பாடுறது எனக்கே கேக்கல பாப்பா.” உலோகக் காந்தத்தை வைத்ததும் கிட்டார் குரலுக்குக் கீழே இறங்கி, அதைத் தாங்கிக்கொண்டு நடந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு மூன்று சரணம் பாடினார். நிறுத்தச் சொல்லத்தான் சிரமமாக இருந்தது.

எங்கள் குழுவில் பத்து வயதுப் பிள்ளைகள் பாடுகிறார்கள். நிக்கல் மூடி போட்டதையே எடுத்துக்கொண்டேன். “சூளைச் சரக்க வுட்டுட்டியே” என்று அப்பா பண்ருட்டி வரை புலம்பிக்கொண்டு வந்தார்.

ஹம்பக்கர், பழைய பிக்கப்பைவிட அகலம். கிட்டாரின் கழுத்துப் பக்கம் பிக்கப் உட்காரும் குழியைப் பெரிதாக்க வேண்டும். நான் அளந்து, காகிதத்தில் வரைந்து, வெட்டி, தச்சரிடம் கொடுத்தேன். அவரும் வரைந்தபடியே குடைந்து கொடுத்தார். பிக்கப்பை வைத்தேன். அது உள்ளே விழுந்தது. அதைச் சுற்றி மாட்டக் கூட வந்த பிளாஸ்டிக் சட்டமும் அதன் பின்னாலேயே விழுந்தது.

என்ன செய்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. பச்சை மண் சூளையில் வெந்தால் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் எங்கள் ஊரில் எதை வரைந்தாலும் அந்த அளவைக் கூட்டித்தான் வரைவோம். என் கையும் கேட்காமலே கூட்டிவிட்டது.

தச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏம்மா, கிட்டாரையும் சூளையில வைக்கப் போறியா? மரம் சுருங்காதும்மா!”

அழுகை வந்தது. கொடியேற்றத்துக்குப் பத்து நாள். ஆனால் வீடு போய்ச் சேருவதற்குள் அழுகை போய்விட்டது. குழியை மூட அகலமான சட்டம் ஒன்று வேண்டும், அவ்வளவுதானே! மேலாளரிடம் கேட்டுக்கொண்டு மறுநாளே வெள்ளைப் பீங்கான் மண்ணில் மூன்று சட்டங்கள் செய்தேன். இந்த முறை சுருக்கத்தைக் கூட்டியது சரிதான். நிழலில் காயவைத்துச் சோதனைச் சூளையில் ஏற்றினேன். ஒன்று கோணிக்கொண்டது. ஒன்றில் கீறல். மூன்றாவதை விரலால் சுண்டினேன், கணீரென்றது.

சைக்கிள் டியூபை வெட்டி அடியில் கொடுத்து, திருகுகளை மெதுவாக முடுக்கினேன். செம்மண் நிறக் கிட்டாரில் வெள்ளைச் சட்டம், நடுவில் நிக்கல் பளபளப்பு. அம்மா முந்தானையால் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

கொடியேற்றத்துக்கு முந்தின ஒத்திகை. பங்குச் சபைத் தலைவர் முதல் பெஞ்சில் இருந்தார். பட்டறையில் உருளை ஓடிக்கொண்டிருந்தது. நான் பீடத்தைப் பார்த்து நின்று சத்தத்தை முழுசாகத் திறந்தேன். உருளை சுவருக்கு அந்தப் பக்கமே கடகடத்தது. கிட்டாருக்குள் வரவில்லை. முதல் சுரத்தைத் தட்டினேன். பிள்ளைகள் பாடினார்கள், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

தலைவர் எழுந்து வந்து சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். “நம்ம ஊரு பீங்கானா?”

“ஆமாங்க. நான் செஞ்சது.”

“நெய்வேலிக்காரன் கெடக்கான் வுடு” என்றார்.

மறுநாள் கொடி ஏறியது, நான் வாசித்தேன். திருவிழாவின் கடைசி நாள் தேர் தெருவில் போகும். வெடி, மேளம், கூட்டம் எல்லாவற்றுக்கும் மேலே கிட்டார் கேட்க வேண்டுமென்றால் அந்தக் கறுப்புக் காந்தம்தான் வேண்டும். அடுத்த வருஷத் தேருக்கு என்று தீர்மானித்துவிட்டேன். அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று புதுச்சேரிக்கு எழுதிய கடிதத்தை, இன்று வேலைக்குப் போகும் வழியில் ரயிலடித் தபால்பெட்டியில் போட்டேன்.