எல்லோரும் ஆராய்ந்த தொலைக்கல்வி

சோறு சுற்றிய லஞ்ச் சீற்றை விரித்தவுடன் வருமே, ஆறிப்போன சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சேர்ந்த ஒரு மணம்... எனக்கு எம்.எட். என்றால் அந்த மணம்தான்.

வவுனியாவில் சனி, ஞாயிறு வகுப்பு. கிழமை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திய தொண்டையோடு, பளையில் விடியவே பஸ் ஏறுவேன். கிளிநொச்சி, மாங்குளம் எல்லாம் நித்திரையிலேயே கடந்துபோகும். மத்தியானம் மேசைகளை இழுத்துப் போட்டு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். ஒருவரின் பொரியல் மற்றவரின் சோற்றுக்குப் போகும். அந்தச் சிரிப்புக்காகவே நான் அவ்வளவு தூரம் போனேன் என்றும் சொல்லலாம்.

ஆய்வு செய்ய வேண்டிய காலம் வந்தது. அதோடு எனக்குக் கோபமும் விசரும் வந்தன.

கொரோனா முடிந்த கையோடு படித்தவர்கள் நாங்கள். எல்லோருக்கும் ஒரே தலைப்பு: தொலைக்கல்வி தொடர்பான மாணவர் மனப்பாங்கு. கல்வி வலயத்தின் பெயர் மட்டும் மாறும். கல்யாண வீட்டு வீடியோ மாதிரி, மாப்பிள்ளை பொம்பிளைதான் வேறு. எங்களுக்கு முந்திய பிரிவு போன் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று கேட்டது. பின்னால் வந்தவர்கள் மன அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஏஐ...

சரி, பதில் சொல்ல ஆட்கள் வேண்டுமே? எங்களில் பாதிப் பேர் தொலைக்கல்வியில் டிகிரி எடுத்தவர்கள். மற்றவர்களும் கொரோனா நேரம் சூமில் இருந்தவர்கள்தான். ஆகவே எல்லோருக்கும் எல்லோரும் சாம்பிள்!

பக்கத்து மேசை குகன், நெளுக்குளத்துக்காரர், சாப்பிடும்போதே வினாக்கொத்தை நீட்டுவார்.

"ரீச்சர், இதை ஒருக்கா நிரப்பித் தாங்கோ. நானும் உங்கடதை நிரப்பித் தாறன்."

"வாசிக்க நேரமில்லை குகன்."

"ஏன் வாசிக்கிறியள்? 'உடன்படுகிறேன்' எண்ட கட்டத்தில புள்ளடி போட்டுக்கொண்டு போங்கோ."

தலையில் அடித்துக்கொள்வேன்.

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. முன்பு தொலைக்கல்வியில் நான் டிகிரி செய்தபோது சந்திரா அக்கா என்று ஒருவர் கூடப் படித்தார். நாயாற்றில் முன்பள்ளி ரீச்சர். எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. கடைசி வருடத்தில் ஒருநாள் வகுப்புக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை. அவரைப் போல எத்தனை பேர்? படிக்கிறவர்களையே திரும்பத் திரும்பக் கேட்டால், விட்டுப் போனவர்களின் கதையை யார் கேட்பது? அதுதான் என் ஆய்வு என்று முடிவெடுத்தேன்.

நாயாற்றுக்கே போனேன். அக்கா முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றார்.

"ஏன் அக்கா படிப்பை நிப்பாட்டினனீங்கள்?"

"நானோ நிப்பாட்டினனான்? அசைன்மென்ட்டை ஒன்லைனில போடச் சொன்னவை. இவர் கடலுக்குப் போன நேரம் பிள்ளைக்குக் காய்ச்சல். சிக்னல் பிடிக்க றோட்டுக்கு ஓடி வர, திகதி முடிஞ்சுது எண்டு காட்டுது. ஒருத்தராவது போன் எடுத்து 'ஏன் வரேல்ல' எண்டு கேட்டிருந்தா, அடுத்த கிழமையே வந்திருப்பன் தங்கச்சி. நீர்தான் முதன்முதல் கேக்கிறீர்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இதை எழுதிக்கொண்டு என் ஆய்வு வழிகாட்டி சேரிடம் போனேன்.

"பிள்ளை, விட்டிட்டுப் போன ஆக்களின்ர ஈமெயில் எல்லாம் இருக்கோ?"

"இல்லை சேர், தேடிப் போகவேணும்."

"தேடிப் போய் எப்ப முடிக்கிறது? வினாக்கொத்துத் திரும்பி வராது. பேசாமல் மனப்பாங்கு செய்யும். எல்லாரும் அதைத்தானே செய்யினம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் முடிக்கவேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் நாயாற்று முற்றத்தைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் 'உடன்படுகிறேன், உடன்படவில்லை' என்று கட்டம் போட எனக்கு மனம் வரவில்லை. மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. மகனுக்கு டெங்கு. பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. ஒரு சனிக்கிழமை பஸ்ஸுக்குப் போகவில்லை. அடுத்த சனியும் போகவில்லை... அவ்வளவுதான். யாரும் போன் எடுத்துக் கேட்கவில்லை.

குகன் முடித்தார். பட்டமளிப்பில் கறுப்பு அங்கி போட்ட படத்தை எங்கள் வாட்ஸ்அப் குறூப்பில் போட்டார். நானும் ஒரு கைதட்டல் போட்டேன். வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

போன கிழமை அதே குறூப்பில் குகன் ஒரு கூகிள் ஃபோம் அனுப்பினார். அவருடைய தங்கையும் இப்போது எம்.எட். தலைப்பைப் பாருங்கள்: 'தொலைக்கல்வியில் மாணவர் இடைவிலகலுக்கான காரணங்கள்.'

இப்போது அதுதான் டிரெண்டாம்!

கோபம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். கடைசியில் கேட்கிறார்களே என்று ஆசையோடு திறந்தேன். முதல் கேள்வி: 'நீங்கள் தற்போது பதிவிலுள்ள மாணவரா?'

'இல்லை' என்று அமத்தினேன்.

'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்று சொல்லி ஃபோம் மூடிக்கொண்டது.

குகனுக்குப் போன் எடுத்தேன். "என்ன குகன் இது?"

"அது ரீச்சர், சாம்பிள் கிளீனா இருக்கவேணும் எண்டு அப்பிடி வைச்சது. நீங்கள் பேசாமல் 'ஓம்' எண்டு அமத்திப்போட்டு நிரப்பிவிடுங்கோ."

எனக்கு வந்த விசருக்குப் போனைக் கதிரையில் எறிந்தேன்.

அந்த நாளில் வினாக்கொத்துத் தாளில் ஓரமாவது இருந்தது. கோபம் வந்தால் இரண்டு வரி கிறுக்கிவிட்டுக் கொடுக்கலாம். இதில் எங்கே எழுதுவது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சந்திரா அக்கா நாயாற்றில்தான் இருக்கிறார். நான் பளையில் இருக்கிறேன். யாராவது கேட்டால் சொல்லுவோம்.