ஆறு தலையும் ஒரு மழையும்

இன்று கோவில்பட்டி டைப்பிங் சென்டரில் இருந்தேன். இந்த மாதம் நான் எழுதும் மூன்றாவது விண்வெளி நாவல். என் கையெழுத்தைப் படித்து டைப் அடிப்பவர் செல்வி.

பாதியில் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, நீங்க எந்தக் கிரகத்துக்குப் போனாலும் கரிசக்காடு, உடைமரம், காஞ்ச கம்மா. ஒண்ணுலயாவது மழை பெய்யக் கூடாதா?"

நியாயம்தான். இத்தனை வருடத்தில் எனக்கே தோன்றவில்லை. அங்கேயே உட்கார்ந்து, மழை கொட்டி ஒரே நாளில் கண்மாய் நிரம்புவதாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மறுபடியும் நிறுத்தினார்.

"அந்தக் கிரகத்து ராஜாவுக்கு ஆறு தலைன்னீங்க, அப்படியே டைப் அடிச்சேன். இப்ப ஒரே நாள்ல கம்மா பெருகுதுங்கீங்க. படிக்கிறவிய நம்பணும்லா?"

மழையை எடுத்துவிட்டேன். ஆறு தலையும் அப்படியே இருக்கின்றன.

உங்கள் ஊரில் மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று கமெண்டில் சொல்லுங்கள். வேறு ஏதாவது கிரகத்துக்கு ஆகும்.